மாறிய புழுவும் மாறிய வழக்கமும்: பெரம்பலூர்க் கரிசலில் ஐந்து பருத்திப் பருவங்கள்

பின்னணி

இந்தப் பதிவு பெரம்பலூர் மாவட்டத்தின் மானாவாரிக் கரிசல் ஊர் ஒன்றில் 2018-19 முதல் 2022-23 வரை நடந்ததைப் பற்றியது. ஊரின் பெயரையும் அங்குள்ளவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். வயல் ஆலோசனை சொல்லும் பணியாளனாக ஐந்து பருவங்களிலும் நான் உடனிருந்தேன். எடுத்த முடிவுகளில் சில என்னுடையவை. தவறிய இடங்களிலும் எனக்குப் பங்கு உண்டு.

ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ மழை பார்த்து விதைத்து, தையிலும் மாசியிலும் பருத்தி எடுத்து, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கோ ஊருக்கு வரும் வியாபாரிக்கோ போடுவது இங்குள்ள நடைமுறை. பக்கத்திலேயே மக்காச்சோளமும் பெரும்பரப்பில் உண்டு. 2018-இல் அந்த மக்காச்சோளத்தைப் படைப்புழு அழித்தபோது, பருத்தியை விட்டுப் போயிருந்த சில குடும்பங்கள் திரும்பி வர எண்ணிய நேரத்தில்தான் பருத்திக்குள் இருந்த இளஞ்சிவப்புக் காய்ப்புழுச் சிக்கல் வெளியே தெரிந்தது.

ஊரில் விதைப்பது முழுக்கப் பி.டி. வீரிய ஒட்டு விதை; அதாவது புழுவைக் கொல்லும் நச்சுப் புரதத்தைச் செடியே உண்டாக்கும்படி ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த விதை. இந்தியாவில் பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. அதில் இருந்தது ஒரே ஒரு நச்சுப் புரதம். 2006-இல் இரண்டு நச்சுப் புரதங்கள் கொண்ட இரண்டாம் தலைமுறை விதை வந்தது. பச்சைக் காய்ப்புழுவை அந்த விதை அடக்கியதை இவ்வூரில் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய காலத்தில் வாரம் ஒருமுறை மருந்து அடித்த கதையை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆகவே “பி.டி. போட்டால் காய்ப்புழு வராது” என்பது அவர்கள் ஏமாந்து பிடித்துக்கொண்ட நம்பிக்கை அன்று. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வயல் அவர்களுக்கு உண்மையென்று காட்டிய செய்தி அது.

2018-19: காயை உடைத்துப் பார்த்தது

முதலில் கண்டுபிடித்தவர் நானல்லேன். பருத்தி எடுக்கும் கூலி வேலைக்கு வந்த ஓர் அம்மா. தை மாதத்தின் இரண்டாவது எடுப்பில், சில காய்கள் நான்கு சுளையும் விரியாமல் இரண்டு சுளை மட்டும் வெடித்து நிற்பதையும், பஞ்சில் மஞ்சள் கறை படிந்திருப்பதையும், விதைகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருப்பதையும் அவர் மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒட்டிய விதையை நகத்தால் பிளந்தபோது உள்ளே இளஞ்சிவப்புக் கோடுகள் கொண்ட புழு சுருண்டு கிடந்தது. “என்ன தம்பி, புழு வராத விதைன்னுதானே எல்லாரும் சொன்னீங்க?” என்று அவர் கேட்டார். அந்த ‘நீங்க’ளில் நானும் அடக்கம் என்பதால் எனக்குப் பதில் எழவில்லை.

அன்று மாலை மூன்று வயல்களில் இருந்து வெடிக்காத பச்சைக் காய்களை வயலுக்கு 20 வீதம் பறித்து, வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உடைத்தோம். இருபதில் இரண்டு காயில் உயிருள்ள புழு இருந்தாலே அது பொருளாதாரச் சேத நிலை, அதாவது நடவடிக்கை எடுத்தாக வேண்டிய வரம்பு. மூன்று வயல்களிலும் அந்த வரம்பு பலமடங்கு தாண்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் காய்களில் குறையே தெரியவில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப்புழு ஒரு நாளுக்குள் காயைத் துளைத்து உள்ளே போய்விடும். போன வழி மூடிக்கொள்ளும். காய் வளர்வதைப் பார்த்து உழவர் நிம்மதியாக இருப்பார். உள்ளே விதை தின்னப்பட்டுக்கொண்டிருக்கும். பாதிக்கு மேல் கொட்டுப் பருத்தியாக, அதாவது கறைபட்ட தரம் குறைந்த பருத்தியாகப் போன ஒரு குடும்பத்தில், கறைப் பஞ்சைத் தனியே பிரிக்கக் கொடுத்த கூலியே அதற்குக் கிடைத்த விலையைத் தின்றுவிட்டது.

அதற்கு முன்பே அந்த வயல்களில் மருந்து அடிக்கப்பட்டிருந்தது. கடையில் கொடுத்த இரண்டு மருந்துகளை ஒரே டேங்கில் கலந்து அடித்திருந்தார்கள். காய்க்குள் இருக்கும் புழுவை அது தொடவில்லை. வெள்ளை ஈயின் எதிரிகளைக் கொன்றதால் வெள்ளை ஈ பெருகியதுதான் மிச்சம். மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-இல் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் நஞ்சேறி இறந்த செய்தி எல்லோருக்கும் நினைவிருந்த காலம் அது. முகத்தில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு ஆள்உயரச் செடிக்குள் நுழைந்து அடித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரை அன்று நிறுத்தச் சொன்னேன். இந்த ஐந்தாண்டுகளில் நான் சொன்னவற்றுள் சிறிதும் ஐயமின்றிச் சொன்னது அது ஒன்றுதான்.

புழு எவ்வாறு மாறியது

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் மாற்றம் இந்த ஊரில் தொடங்கவில்லை. முதல் நச்சுக்கு அது ஈடுகொடுத்து நிற்பது குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகத், ராஜ்கோட் மாவட்டங்களில் தெரியவந்ததாக 2010-இல் அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் இரண்டாவது நச்சும் பலனிழந்தது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் பெரும்பரப்பு அதற்கு இரையாகியிருந்தது.

இதில் புழுவுக்குத் திட்டம் எதுவும் கிடையாது. கோடிக்கணக்கான புழுக்களில் மிகச் சிலவற்றின் குடலில், நச்சு வந்து ஒட்ட வேண்டிய புரதம் பிறவியிலேயே வேறு வடிவில் இருந்தது. சாதாரணச் செடியில் அதனால் எந்தப் பயனும் இல்லை. ஊர் முழுக்க, மாவட்டம் முழுக்க, மாநிலம் முழுக்க நச்சுள்ள செடியையே நட்டபோது மற்றவை இறந்து இவை மட்டும் எஞ்சின. எஞ்சியவை தமக்குள் இணை சேர்ந்தன. ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்பதால் ஒரே பருவத்தில் நான்கைந்து முறை இந்தச் சலித்தெடுப்பு நடக்கும். பயிர் நீண்டு நின்றால் இன்னும் கூடும்.

இதைத் தடுக்கும் வழியும் விதையோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. 450 கிராம் பி.டி. விதைப் பொட்டலத்துடன் 120 கிராம் சாதாரண விதை கொண்ட சின்னப் பொட்டலம் ஒன்றும் வந்தது. ஐந்து ஓர வரிசைகளிலோ பரப்பில் 20 விழுக்காட்டிலோ அதை விதைக்க வேண்டும். அங்கு நச்சுப் படாமல் வளரும் அந்துப்பூச்சிகள், தப்பிப் பிழைத்தவற்றோடு இணை சேரும். எதிர்ப்புத் திறன் ஒடுங்கு பண்பு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படுவது) என்பதால் கலப்பில் பிறக்கும் குஞ்சுகள் பி.டி. செடியைத் தின்றால் இறந்துவிடும் என்பது கணக்கு. அமெரிக்காவின் அரிசோனாவில் இந்தக் கணக்கு பலித்தது. இப்படிப் புழுவுக்கென்று விடும் சாதாரணப் பருத்தியை, அதாவது புகலிடப் பயிரை, ஒழுங்காகப் போட்டார்கள். 2006 முதல் மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்தில் இருந்து தூவினார்கள். இறுதியில் 2018-இல் அந்நாட்டின் பருத்திப் பகுதிகளில் இப்புழு ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதே புழு, அதே நச்சுப் புரதம். அவர்கள் வென்ற அதே பருவத்தில்தான் நாங்கள் வேப்பமரத்தடியில் காய் உடைத்துக்கொண்டிருந்தோம்.

நம் விதை வீரிய ஒட்டு விதையாக இருப்பதும் புழுவுக்குச் சாதகமானது. ஒட்டுச் செடியின் காய்க்குள் உள்ள விதைகள் அடுத்த தலைமுறை விதைகள் என்பதால், ஒரே காயிலேயே சில விதைகளில் நச்சு இருக்கும், சிலவற்றில் இராது. விதைக்கு விதை நகரும் புழு அரைகுறை நச்சைத் தின்று பழகும் பள்ளிக்கூடமாகக் காய் ஆகிவிடுகிறது என்று கூட்டத்தில் சொன்னேன். அது பிழையான உவமை என்று பிறகு உணர்ந்தேன். தனிப்பட்ட புழு எதையும் பழகிக்கொள்வதில்லை. பாதித் திறன் உள்ளவையும் அங்கு தப்பிப் பிழைக்கின்றன, அவ்வளவே. இந்த வேறுபாட்டை உழவர்களிடம் சரியாகச் சொல்லாவிட்டால், “மருந்தைக் கொஞ்சம் கூட்டி அடித்தால் பழக்கம் விட்டுப் போகும்” என்ற தவறான முடிவுக்கு அது இட்டுச் செல்லும். ஒருவர் அப்படியே சொல்லவும் செய்தார்.

வழக்கம் எவ்வாறு மாறியிருந்தது

புழுவின் கதையைப் போலவே வழக்கத்தின் கதையையும் பார்க்க வேண்டும் என்று தோன்றியதால், சின்னப் பொட்டலம் என்ன ஆயிற்று என்று வீடு வீடாகக் கேட்டேன். தொடக்கத்தில் பலர் விதைத்திருக்கிறார்கள். அந்த ஓர வரிசைகளில் புழு விழுந்து விளைச்சல் குறைந்திருக்கிறது. சிலருக்கு அந்த விதை சரியாக முளைக்கவே இல்லை. விதைக்காமல் விட்ட பக்கத்து வயல்காரருக்கு அதே ஆண்டில் ஒரு குறையும் வரவில்லை. இரண்டு மூன்று பருவங்களில் சின்னப் பொட்டலம் வரப்பில் கிடந்தது.

உயிரினங்களில் நடப்பது போலவே இங்கும் பலவகை வழக்கங்கள் இருந்தன, அவற்றுள் சில நிலைத்தன, சில மறைந்தன. ஆனால் சலிக்கும் சல்லடை வேறு. புழுவைச் சலித்தது மரணம். வழக்கத்தைச் சலித்தது அந்தப் பருவத்துக் கையிருப்பும், பக்கத்து வயலின் காட்சியும், கடைக்காரர் கடனுக்குக் கொடுத்த பொருளும். புகலிட வரிசையின் பலன் ஊருக்கும் பத்தாண்டு கழித்தும் கிடைப்பது. செலவோ ஒருவருக்கு, அந்த ஆண்டிலேயே வருவது. அப்படிப்பட்ட வழக்கம் தானாக நிலைக்காது. உழவரின் அலட்சியம் என்று இதை எழுதும் அறிக்கைகளோடு எனக்கு உடன்பாடில்லை; தன் வயலை உற்றுப் பார்த்துத்தான் அவர் அந்த முடிவுக்கு வந்தார்.

வேறொரு வேறுபாடும் உண்டு. அந்துப்பூச்சி தன் திறனைத் தன் வழித்தோன்றல்களுக்கு மட்டுமே கொடுக்க முடியும். வழக்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது; தேநீர்க் கடையில் ஒரு மாலையில் ஊர் முழுக்கப் பரவும், யாரும் சோதிக்காமலேயே பரவும், அதே வேகத்தில் உதிர்ந்தும் போகும். அதன் வலிமையும் மெலிவும் இதுதான் என்பதைப் பின்னர் நேரிலேயே கண்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2019 பங்குனியில் ஊர்ச் சாவடியில் இருபத்தைந்து குடும்பத்தார் கூடினோம். புதிய விதைக்குக் காத்திருப்பதில் பொருளில்லை என்பது முதல் முடிவு. இப்புழுவை அடக்கும் மூன்றாவது நச்சுள்ள அனுமதி பெற்ற விதை எதுவும் அப்போது கையில் இல்லை. புகலிட வரிசையை மீண்டும் தொடங்கலாமா என்று கேட்டவர்களுக்கு, எதிர்ப்புத் திறன் பரவி முடிந்த பிறகு அதனால் பெரிய பயன் வராது என்று சொன்னேன். நேரம் கடந்துவிட்டிருந்தது.

நச்சை நம்பாமல், எதிர்ப்புத் திறன் உள்ள புழுவையும் இல்லாத புழுவையும் ஒன்றுபோலக் கொல்லும் வழியே வேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம். இப்புழுவுக்குப் பருத்தியை விட்டால் வேறு உணவு ஏறக்குறைய இல்லை. அதுவே அதன் பலவீனம். ஆகவே எல்லோரும் பத்துப் பதினைந்து நாள் இடைவெளிக்குள் விதைப்பது, குறைந்த வயதுடைய இரகத்தைத் தேர்வது, தை முடிவில் எடுப்பை நிறுத்துவது, பின்மழையில் மறுபடி பூக்கும் பயிருக்கு ஆசைப்படாமல் அழிப்பது, நடுவில் ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் மணத்தைக் காட்டி ஆண் அந்துப்பூச்சியைப் பிடிப்பது) வைத்து எண்ணுவது என்று தீர்மானித்தோம். ஒரு பொறியில் தொடர்ந்து மூன்று இரவுகள் எட்டு அந்துப்பூச்சிக்கு மேல் விழுந்தால் மட்டும் மருந்து, அதுவும் ஒரே மருந்து, எதனோடும் கலக்காமல்.

தீர்மானங்களில் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது பருத்திமார். எடுப்பு முடிந்ததும் செடியைப் பிடுங்கிக் கட்டுக் கட்டாக வீட்டோரம் அடுக்கி ஆண்டு முழுவதும் அடுப்பெரிப்பது இங்கு வழக்கம். அந்த மாரில் ஒட்டியிருக்கும் வெடிக்காத காய்களுக்குள்தான் புழு அடுத்த மழைவரை கிடக்கிறது. “மாரை எரித்துவிடுங்கள்” என்று ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் நான் எளிதாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் மூன்று பெண்கள் வந்து, “சிலிண்டருக்கு யார் சார் காசு தர்றது?” என்று கேட்டார்கள். அவர்களே வழியும் சொன்னார்கள்: செடியைப் பிடுங்குமுன் ஆட்டுக்கிடை போட்டால் இலையையும் பச்சைக் காயையும் ஆடு தின்றுவிடும், மிச்சத்தை உதிர்த்துக் குழியில் போட்டு மூடிவிடலாம், மார் அடுப்புக்கு மிஞ்சும். பரிந்துரைப் புத்தகங்களிலும் கால்நடை மேய்ச்சல் இருக்கிறது. ஆனால் அதை அடுப்போடு இணைத்தவர்கள் அவர்கள்தான். கடைசி மருந்துக்கும் ஆட்டுக்கிடைக்கும் நடுவே போதிய நாள் இடைவெளி விட வேண்டும் என்பதை மட்டும் நான் சேர்த்தேன்.

இந்த முறைக்கும் புழு ஈடுகொடுத்து மாறாதா என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். மாறலாம் என்றே சொன்னேன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மக்காச்சோளத்தையும் சோயாவையும் மாற்றி மாற்றி விதைத்து வேர்ப்புழுவை அடக்கிவந்தார்கள்; 1990-களில், சோயா வயலில் முட்டையிட்டு அடுத்த ஆண்டு அங்கு வரும் மக்காச்சோளத்துக்காகக் காத்திருக்கும் வகை ஒன்று பெருகிவிட்டது. கையால் களை பறிப்பதும்கூட ஒரு தேர்வுதான். நெல்வயலில் நெல்லைப் போலவே நிமிர்ந்து நிற்கும் குதிரைவாலிப் புல் ஒன்று உண்டு; பறிப்பவரின் கண்ணுக்குத் தப்பியவை மட்டும் விதை உதிர்த்து உதிர்த்து வந்த உருவம் அது. மருந்து இல்லாத முறை என்பதால் பரிணாமத்திலிருந்து விலக்குக் கிடைக்காது. ஆனால் பல முனைகளில் ஒரே நேரத்தில் தாக்கினால் எல்லாவற்றுக்கும் தப்பும் ஒரு புழு அமைவது அரிது.

2019-20, 2020-21: தொடர்ந்து நடந்தவை

முதல் பருவத்தில் பெரும்பாலான குடும்பங்கள் ஒப்புக்கொண்டபடி செய்தன. பொறிகளில் அந்துப்பூச்சி பிந்தியே விழத் தொடங்கியது. மருந்து அடிக்கும் முறைகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. பொறியின் கவர்ச்சிக் குப்பியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னதை இருவர் மறந்துவிட்டு, “பூச்சியே இல்லை” என்று மகிழ்ந்திருந்தார்கள். காயை உடைத்தபோது புழு இருந்தது. அதிலிருந்து பொறி எண்ணிக்கையோடு வாரம் 20 காய் உடைப்பதையும் கட்டாயமாக்கினோம். இரண்டாம் பருவம் இன்னும் சீராகப் போனது. கொட்டுப் பருத்தி குறைந்ததை எடுப்புக் கூலிக்கு வந்தவர்களே முதலில் சொன்னார்கள்.

ஆனாலும் புழு முற்றாக நிற்கவில்லை. தமிழ்நாட்டில் பருத்திக்கு ஒரே பருவம் இல்லை. மானாவாரி முடியும்போது காவிரிப் படுகையில் நெல் தரிசுப் பருத்தி விதைக்கப்படுகிறது, இறவையில் கோடைப் பருத்தியும் உண்டு. எங்கள் ஊரில் பயிரை அழித்தாலும் பருத்தி எங்காவது பூத்துக்கொண்டே இருக்கும். அரிசோனாவைப் போன்ற வெற்றியை எங்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதை இந்த இரண்டு பருவங்களில் புரிந்துகொண்டேன்.

2021-22: விலை

அந்த ஆண்டு நடுத்தர இழைப் பருத்திக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,726 ரூபாய். 2022 தொடக்கத்தில் சந்தை விலை 10,000 ரூபாயைத் தாண்டியது. தையில் செடியை அழிப்பதாக ஒப்புக்கொண்ட குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை பங்குனி வரை பயிரை அழிக்காமல் விட்டுவைத்தன. இன்னும் ஓர் எடுப்பு எடுத்தால் ஒரு கடன் அடையும் என்ற நிலையில் அழிக்கச் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஒரு வீட்டில் அந்தக் கடைசி எடுப்பில்தான் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது.

2022-23-இல் மார்கழியிலேயே பொறிகள் வரம்பைத் தாண்டின. உடைத்த காய்களில் மீண்டும் ஒட்டிய விதைகள். இரண்டு பருவங்கள் பாடுபட்டு அமைத்த வழக்கம் ஒரே பருவத்தில் உதிர்ந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் புழுவோ தன் எதிர்ப்புத் திறனை இழக்கவில்லை. நச்சுள்ள செடி சுற்றிலும் நிற்கும் வரை அதை இழக்க அதற்குக் காரணமும் இல்லை.

எனினும் உதிர்ந்த வழக்கம் அடியோடு அழிந்துவிடவில்லை. ஓர் உயிரினத்தில் மறைந்துபோன மரபணு வடிவத்தை எளிதில் திரும்பப் பெற முடியாது. ஊரில் கைவிடப்பட்ட வழக்கம் சிலரின் நினைவில் இருந்தது. 2023 மாசியில், முந்தைய பருவத்தில் பயிரை விட்டுவைத்த வீடுகளில் இரண்டு தாமாகவே கிடைக்காரரை அழைத்துவந்து ஆடு விட்டன. கூட்டம் எதுவும் போடப்படவில்லை. நான் போய்ப் பார்க்கும்போது கிடை முடிந்திருந்தது.

மீண்டும் செய்வதானால்

முதலாவதாக, பருத்தி எடுக்கும் பெண்களை முதல் கூட்டத்திலேயே அழைப்பேன். புழுவைக் கண்டவர்களும் அவர்கள்தான், பருத்திமாருக்கு வழி சொன்னவர்களும் அவர்கள்தான். தீர்மானம் எழுதிய தாளில் அவர்களில் ஒருவரின் கையெழுத்துகூட இல்லை.

பயிரை முடிக்கும் நாளை விலை ஏறிய பிறகு பேச முடியாது. விதைக்கும்போதே, விலை எந்த அளவைத் தாண்டினால் எத்தனை நாள் கூடுதலாகப் பயிரை விட்டுவைக்கலாம், அப்படி விட்டுவைப்பவர் தன் வயலின் காய்களை எப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதிவைத்திருக்க வேண்டும். விலை உயராது என்ற எண்ணத்தில் நான் அதைப் பேசவே இல்லை. நாள்காட்டியைக் காட்டிலும் காய்க்குள் உள்ள நிலையை வைத்து முடிவெடுத்திருந்தால், புழுக் குறைவாக இருந்த சில வயல்கள் அந்தக் கூடுதல் எடுப்பைச் சேதமின்றி எடுத்திருக்கவும் கூடும்.

பொறிப் பதிவேட்டை என் பையில் வைத்திருந்ததும் தவறு. நான் வராத வாரங்களில் எண்ணிக்கை நின்றுபோனது. அடுத்த பருவத்துக்கு அதைப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் ஒரு கரும்பலகையில் எழுத ஏற்பாடு செய்திருக்கிறோம். காலையில் பால் ஊற்ற வரும் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். எழுதும் பொறுப்பை, ஒட்டிய விதையை மடியிலிருந்து எடுத்துக் காட்டிய அந்த அம்மாவின் பேத்தி ஏற்றிருக்கிறார்.